கணத்தாக்கில் கணம் எவ்வளவு?

பௌதிகவியலில் பிள்ளைகளை வழிதவற விடும் ஒரு சொல்லைக் காட்டச் சொன்னால், யோசிக்காமல் கணத்தாக்கைத்தான் காட்டுவேன். கணம் என்றால் இமைப்பொழுது. தாக்கு என்றால் அடி. இரண்டையும் ஒட்டினால் படக்கென்று விழுகிற ஓர் அடி என்றுதான் எவருக்கும் மனதில் படும். ஆனால் வரைவிலக்கணம் சொல்வது வேறு. ஒரு விசையையும் அது தொழிற்பட்ட நேரத்தையும் பெருக்கினால் வருவது கணத்தாக்கு. அந்த நேரம் ஒரு மில்லிசெக்கனாக இருக்கலாம், மத்தியானம் தொடங்கிப் பொழுதுபடும்வரை நீளவும் செய்யலாம். "குறுகிய" என்ற சொல் வரைவிலக்கணத்தில் எங்கும் இல்லை. பெயரில்தான் இருக்கிறது, அந்தப் பெயர்தான் பிள்ளையின் தலைக்குள் நிற்கிறது.

உந்தம் என்ற சொல்லும் அவ்வளவு நல்ல பிள்ளை இல்லை. ஒரு பொருளின் திணிவையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது உந்தம், கணத்தாக்கு எவ்வளவோ அவ்வளவுதான் அது மாறும். ஆனால் உந்து என்றால் தள்ளு. அதனால் "லொறியின் உந்தம் மதிலைத் தள்ளியது" என்று விடை எழுதுகிற மாணவனில் பிழை சொல்லமுடியாது, சொல் அவனை அங்கேதான் கூட்டிக்கொண்டு போகிறது. மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் ஏ9 வீதியில் 10 தொன் லொறி ஒன்று மணிக்கு 60 கிலோமீற்றரில் ஒரே சீராகப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் உந்தம் ஏறத்தாழ 167,000 நியூற்றன் செக்கன். அதன்மேல் தொழிற்படும் விளையுள் விசையோ, அதாவது எல்லா விசைகளும் சேர்ந்து மிஞ்சும் விசையோ, பூச்சியம். அவ்வளவு பெரிய உந்தம் இருக்கிறது, யாரையும் எதையும் அது தள்ளவில்லை. "அது என்ன விசையோடு வருகுது?" என்ற கேள்விக்கு விடையே கிடையாது. அதை நிறுத்தப்போவது பிரேக்கா, மதிலா, வைக்கோல் போரா என்று தெரிந்த பிறகுதான் விசை என்ற பேச்சே வரும்.

இங்கே எல்லாப் புத்தகமும் கிரிக்கெட் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னுக்கு இழுப்பதைச் சொல்லும். சரியான உதாரணம்தான். ஆனால் அதிலும் ஓர் அடி இருக்கிறது, அதனால் "கணம்" என்ற மயக்கம் அதிலே தெளியாது. மயக்கம் தெளிய அடியே இல்லாத ஓர் இடம் வேண்டும். அப்படி ஓர் இடம் வன்னியில் வீடு வேயும் எந்த வளவிலும் உண்டு.

ஓடு ஏற்றும் இடத்தில்

மீள்குடியேற்றத்துக்குப் பிறகு எழும்பிய வீட்டுத்திட்ட வீடுகளில் ஓட்டுக் கூரை நிறைய. ஓடு மேலே போவது பெரும்பாலும் கையால்தான். கீழே ஒருவர் எறிவார், சாரத்தில் நிற்பவர் பிடித்து மேலே கொடுப்பார். புதிதாக வந்த பெடியனுக்கு மேலே நிற்பவர் சொல்லும் முதல் பாடம்: "தம்பி, வேகமா எறியாதை. கைக்கு வந்து நிக்கிற மாதிரி எறி."

கைக்கு வந்து நிற்கிற மாதிரி. உந்தம் பற்றிய ஒரு முழு அத்தியாயம் இந்த ஒரு வசனத்துக்குள் இருக்கிறது. கணக்காகப் பார்ப்போம். ஓட்டின் திணிவு இரண்டரைக் கிலோகிராம் என்று எடுங்கள். எறிபவரின் கை விட்ட இடத்திலிருந்து பிடிப்பவரின் கை 1.8 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஈர்ப்பு ஆர்முடுகலை, அதாவது புவியீர்ப்பால் வேகம் மாறும் வீதத்தை, 10 என்று வைத்தால், அங்கே போய்ச் சரியாக நிற்பதற்கு ஓடு கையை விட்டுப் புறப்படவேண்டிய வேகம் செக்கனுக்கு 6 மீற்றர். அதாவது உந்தம் 15 நியூற்றன் செக்கன், மேல்நோக்கி. மேலே போய்ச் சேர எடுக்கும் நேரம் 0.6 செக்கன். சேர்ந்த இடத்தில் உந்தம் பூச்சியம்.

அந்தப் பதினைந்தும் எங்கே போனது? யாரும் அடிக்கவில்லை, எதிலும் மோதவில்லை. ஓட்டின் நிறை 25 நியூற்றன். அது கீழ்நோக்கி 0.6 செக்கன் நேரம் விடாமல் இழுத்தது. 25ஐ 0.6ஆல் பெருக்கினால் 15. புவியீர்ப்புக் கொடுத்த கணத்தாக்கு அது. சத்தம் இல்லை, தாக்கு இல்லை, கணம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. ஆனாலும் அது கணத்தாக்கு, அதுவும் முழுக் கணத்தாக்கு. பிள்ளைகள் சூத்திரத்தை ஒப்புவிப்பதை விட்டுவிட்டு அது என்ன சொல்கிறது என்று பார்க்கத் தொடங்குவது இந்த இடத்தில்தான். விசை பெரிதா சிறிதா, நேரம் நீளமா குறுக்கமா என்று இயற்கை பார்ப்பதில்லை. இரண்டின் பெருக்கத்தை மட்டும்தான் அது கணக்கில் எழுதுகிறது. விசை–நேர வரைபின் கீழுள்ள பரப்பு என்று புத்தகம் சொல்வதும் இதைத்தான். உயரம் குறைந்து அகலம் கூடிய செவ்வகத்துக்கும் பரப்பு உண்டு.

இனி எறிகிற கையைப் பாருங்கள். முழங்கால் மடித்து நிமிரும்போது கை ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர் தூரம் ஓட்டோடு சேர்ந்து மேலே வருகிறது. சீரான விசை என்று கொண்டால் அதற்கு 0.2 செக்கன் எடுக்கும். 15ஐ 0.2ஆல் வகுத்தால் 75 நியூற்றன். பெரும்பாலானோர் இங்கே பேனையை மூடிவிடுவார்கள். விடை 100 நியூற்றன். 75 என்பது விளையுள் விசை. கை கொடுக்கும் விசை ஓட்டின் நிறையையும் தாங்கவேண்டும், அது இன்னொரு 25. கையின் கணத்தாக்கு 20, அதே 0.2 செக்கனில் நிறையின் கணத்தாக்கு கீழ்நோக்கி 5, மிச்சம் 15. இந்தப் பிழைக்குப் பிறகு திரும்ப வருகிறேன். நிலைக்குத்தான இயக்கக் கணக்குகளில் புள்ளி போகும் முதல் ஓட்டை இதுதான்.

பெடியன் சொல்லுக் கேட்காமல் கொஞ்சம் வேகமாக எறிந்துவிட்டான், ஓடு கைக்கு வரும்போது இன்னும் செக்கனுக்கு 2 மீற்றர் வேகம் மிச்சம் இருக்கிறது என்று வைப்போம். மிச்ச உந்தம் 5. அனுபவம் இல்லாதவர் கையை விறைப்பாக வைத்து 0.02 செக்கனில் நிறுத்துவார். விளையுள் விசை 250 நியூற்றன், அதில் 25ஐ நிறை பார்த்துக்கொள்ளும், மீதி 225ஐக் கை கொடுக்கவேண்டும். விரல் நோகும், ஓட்டின் விளிம்பும் சிராயாகப் போகலாம். அனுபவம் உள்ளவர் ஓட்டோடு கையையும் மேலே போகவிடுவார். 20 சென்ரிமீற்றர் போனால் போதும், 0.2 செக்கனில் ஓடு தானாகவே நின்றுவிடும். கை கொடுத்த விசை அநேகமாகப் பூச்சியம், வேலையை நிறையே செய்துவிட்டது. இதையே தலைகீழாகப் பாருங்கள்: பிடிக்கப் பிந்தி, ஓடு திரும்பக் கீழே 2 மீற்றர் வேகத்தில் இறங்கும்போது பிடித்தால் நிறை எதிராளியாகிவிடும். அதே 5ஐ 0.05 செக்கனில் நிறுத்த விளையுள் விசை 100, கை கொடுக்கவேண்டியது 125. ஏறும்போது நிறை கூட்டாளி, இறங்கும்போது சுமை. குறி என்பது தாளில் போடும் சின்னக் கோடுதான். சாரத்தில் நிற்பவருக்கு அந்தக் கோடு மணிக்கட்டில் தெரியும்.

வேலிக் கட்டையும் அலவாங்கும்

கணம் உண்மையிலேயே குறுகியிருக்கும் ஓர் இடத்தையும் பார்க்கவேண்டும், இல்லாவிட்டால் நியாயம் இல்லை. முள்ளுக்கம்பி வேலி அடிக்கும்போது கம்பியைக் கட்டையோடு பிடிக்க யூ ஆணி அடிப்பார்கள். அரைக் கிலோச் சுத்தியல் ஒன்றை அந்த ஆணியின் தலையில் சும்மா வைத்தால் அது கொடுக்கும் விசை 5 நியூற்றன், ஆணி அசையாது. ஓங்கி அடித்தால் இறங்குகிறது. சுத்தியல் செக்கனுக்கு 6 மீற்றர் வேகத்தில் வந்து, ஆணி 4 மில்லிமீற்றர் இறங்கி நின்றது என்று கொள்ளுங்கள். உந்தம் 3 நியூற்றன் செக்கன். நிற்கும்வரை சராசரிக் கதி 3, ஆகவே 4 மில்லிமீற்றரைக் கடக்க 1.3 மில்லிசெக்கன். சராசரி விசை ஏறத்தாழ 2250 நியூற்றன். வைத்தபோது 5 கொடுத்த அதே சுத்தியல் இப்போது அதைப்போல 450 மடங்கு கொடுக்கிறது. ஆணி பாலைக் கட்டையில் ஒரு மில்லிமீற்றர்தான் இறங்கும் என்றால் விசை 9000க்குப் போகும். அப்போது ஆணி இறங்காது, வளையும். பாலை, முதிரை மாதிரி வைர மரத்தில் முதலில் துளை போட்டுவிட்டு அடிப்பது இதனால்தான்.

இதைவிடச் சுவையான சங்கதி கதியாலில், அதாவது வேலிக்கு நட்டு உயிரோடு வளரவிடும் கட்டையில், நடக்கிறது. பூவரசங் கதியாலோ சீமைக்கிளுவையோ, மண்ணில் இன்னும் வேர் பிடிக்காதது என்றால் அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் பின்னுக்குப் போய்ப் போய் வரும். அடி பலமாகத்தான் விழுகிறது, ஆனால் ஆணி இறங்கவில்லை. சுத்தியலின் உந்தம் குறைந்ததா? இல்லை, அதே 3தான். கட்டை சுத்தியலோடு சேர்ந்து பின்வாங்குவதால் நிற்கும் நேரம் நீள்கிறது. 15 மில்லிசெக்கனுக்கு நீண்டால் விசை 200 நியூற்றனுக்கு இறங்கிவிடும். ஆணி நகரத் தேவையான விசை அதைவிடப் பெரிது என்றால் நூறு அடி அடித்தாலும் நூறு தடவை கட்டை ஆடும், அவ்வளவுதான். பந்து பிடிப்பவர் தேடிப்போகிற அதே நீண்ட நேரம், ஆணி அடிப்பவருக்கு நட்டம்.

அப்போதுதான் வேலி அடைக்கிறவர் பக்கத்தில் நிற்பவரைக் கூப்பிடுவார்: "பின்னால அலவாங்கை முட்டுக் குடு." அலவாங்கு என்பது கனத்த இரும்புக் கடப்பாரை. ஏழு கிலோ அலவாங்கு ஒன்றைக் கட்டையின் பின்பக்கத்தில் ஒட்டிப் பிடித்தால் ஆணி இறங்கத் தொடங்கும். அலவாங்கைப் பிடித்திருப்பவர் பலமாகத் தள்ளுவதால் இது நடப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை. 2250 நியூற்றனுக்கு எதிராக எந்த மனிசரும் தள்ளமுடியாது. அங்கே வேலை செய்வது அலவாங்கின் திணிவு. 3 நியூற்றன் செக்கன் முழுவதும் அதற்குள் போனாலும் அதன் வேகம் செக்கனுக்கு 0.43 மீற்றருக்கு மேல் போகாது. அந்த 1.3 மில்லிசெக்கனுக்குள் அது நகர்வது மூன்றில் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. கட்டைக்குப் பின்வாங்க இடமில்லை, நேரம் குறுகியபடியே இருக்கிறது, விசை பெரிதாகவே நிற்கிறது. பிறகு அலவாங்கில் ஏறிய அந்த உந்தத்தைப் பிடித்திருப்பவரின் கை ஆறுதலாக, 0.1 செக்கனில் எடுக்கும்: 30 நியூற்றன், மூன்று கிலோப் பாரம். ஒரே உந்தம் ஒரே அடியில் இரண்டு நேரங்களில் கைமாறுகிறது, ஆணியிடம் 2250, மனிசரிடம் 30.

பிழை வரும் இடம் ஒன்று உண்டு. அலவாங்குக்கும் கட்டைக்கும் இடையில் ஒரு விரல் இடைவெளி விட்டால் பலன் இல்லை. கட்டை அந்த இடைவெளியைக் கடப்பதற்குள் நேரம் செலவாகிவிடும், பிறகு அலவாங்கில் கட்டை மோதும், ஆணிக்கு அதனால் ஒன்றும் இல்லை. கை நோவது மட்டும் மிச்சம்.

கூர்மையான மாணவர்கள் இங்கே ஒன்று கேட்பார்கள். சுத்தியலின் இயக்கசக்தி 9 யூல், அதை 4 மில்லிமீற்றரால் வகுத்தாலும் 2250தானே வருகுது, பிறகு உந்தம் எதற்கு? நல்ல கேள்வி. இரண்டும் ஒத்துவந்தது விசை மாறாது என்று நாங்கள் எடுத்ததால். ஒரு சுருள்வில்லில் மோதி நிற்கும் பொருளுக்கு நேரச் சராசரி விசை உச்ச விசையின் 0.64 பங்கு, தூரச் சராசரி சரிபாதி. ஆகவே கேள்வியில் நேரம் தந்திருந்தால் உந்தத்தையும், தூரம் தந்திருந்தால் சக்தியையும் எடுப்பது நல்ல பழக்கம். இரண்டு சராசரியையும் ஒன்றென்று போட்டுக் குழப்பக்கூடாது. சராசரியை உச்சம் என்று எழுதவும் கூடாது: வரைபு முக்கோணமாக இருந்தால் உச்சம் சராசரியின் இரண்டு மடங்கு.

நிறையை மறந்த வாளி

முன்னே சொன்ன ஓட்டைக்கு வருவோம். கப்பிக் கிணற்றில் 10 கிலோ வாளி, தண்ணீரோடு சேர்த்து. கை வழுக்கி, தொய்ந்திருந்த கயிறு இறுகும்வரை 80 சென்ரிமீற்றர் விழுகிறது. இறுகும்போது வேகம் செக்கனுக்கு 4 மீற்றர், உந்தம் 40. நைலோன் கயிறு கொஞ்சம் நீண்டு 0.1 செக்கனில் நிறுத்தினால் 40ஐ 0.1ஆல் வகுத்து 400 என்று எழுதுவார்கள். கயிற்றின் இழுவை 500. வாளியின் 100 நியூற்றன் நிறை அந்த 0.1 செக்கனிலும் கீழே இழுத்துக்கொண்டேதான் இருந்தது. நீளாத கயிறு 0.02 செக்கனில் நிறுத்தினால் இழுவை 2100, நிறையை மறந்தவரின் விடை 2000. அப்போது வாளியின் காதுதான் முதலில் பிய்யும்.

முதலாவதில் பிழை ஐந்தில் ஒன்று, இரண்டாவதில் நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. "மோதலில் நிறையைப் புறக்கணிக்கலாம்" என்று குறிப்பில் எழுதிக் கொடுக்கிறோமே, அது எப்போது பொருந்தும் என்பதற்கு விடை இதுதான். கணம் மிகக் குறுகியிருந்தால் மட்டும் புறக்கணிக்கலாம். ஆணியில் நிறையைப் பார்க்கத் தேவையில்லை. ஓட்டிலும் வாளியிலும் பார்க்கவேண்டும். கணத்தாக்கு என்றாலே கணம் குறுகியது என்று நம்பிய மாணவன் எல்லா இடத்திலும் நிறையைத் தூக்கி எறிந்துவிடுவான். சொல் செய்யும் கெடுதி விடைத்தாளில் வெளிப்படுவது இந்த 100 நியூற்றனில்.

முடியாத கணம்

விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கம் மிளகாய்த் தோட்டங்களில் இரண்டு அங்குலத் தண்ணிப் பம்ப் சாதாரணம். 200 லீற்றர் பரலை அது 25 செக்கனில் நிரப்பினால் செக்கனுக்கு 8 கிலோகிராம் தண்ணீர். 50 மில்லிமீற்றர் குழாயில் அது வரும் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 4 மீற்றர். ஒவ்வொரு செக்கனும் 32 நியூற்றன் செக்கன் உந்தம் குழாயால் வெளியே வருகிறது. வாய்க்காலின் மண்ணில் நேரே விழுந்து பக்கவாட்டில் சிதறினால் மண் வாங்கும் விசை 32 நியூற்றன், மூன்று கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தை ஒரு சின்ன வட்டத்தில் ஊன்றிவைத்த மாதிரி. அரை மணித்தியாலத்தில் குழி விழும். சாக்கு விரிப்பது, தட்டைக் கல் வைப்பது எல்லாம் அதற்காக. குழாயில் செங்கோண வளைவு இருந்தால் திசை மாறுவதால் வளைவின்மேல் 45 நியூற்றன். முழுதாக மடிந்து திரும்பினால் 64. பம்ப் பிடித்தவுடன் துள்ளுவது வளைந்து கிடக்கும் குழாய்தான், நேராகக் கிடப்பது பெரிதாகத் துள்ளாது. அதனால் கட்டவேண்டிய இடம் நுனி அல்ல, வளைவு.

இங்கே கணம் எங்கே? எஞ்சினில் மண்ணெண்ணெய் முடியும்வரை ஒரு கணமும் முடிவதில்லை. விசை என்பது உந்தம் மாறும் வீதம் என்ற வசனத்துக்கு இதைவிடக் கண்முன்னே தெரியும் சான்று எனக்குத் தெரியாது. 1687இல் நியூற்றன் எழுதிய இரண்டாம் விதியிலும் ஆர்முடுகல் இல்லை. இயக்கத்தின் மாற்றம் பிரயோகித்த விசைக்கு விகிதசமம், அந்த விசையின் திசையிலேயே நிகழும் என்றுதான் இருக்கிறது. இயக்கம் என்று அவர் சொன்னது நாம் உந்தம் என்று சொல்வதை. திணிவையும் ஆர்முடுகலையும் பெருக்கும் வடிவம் பின்னால் வந்தது. நாம் அதை முதலில் படிப்பித்துவிட்டு, உந்தத்தைப் பின்கட்டில் ஒரு சிறு அலகாக வைக்கிறோம்.

திசை என்றதும் கரம் பலகை நினைவுக்கு வருகிறது. 15 கிராம் ஸ்ட்ரைக்கர் செக்கனுக்கு 2 மீற்றரில் 45 பாகையில் பலகையின் ஓரக் கட்டையில் பட்டு அதே கதியில் திரும்புகிறது. உந்த மாற்றம் பூச்சியம் என்று சிலர் எழுதுவார்கள், 0.06 என்று சிலர். விடை 0.042: கட்டைக்குச் செங்குத்தான கூறு மட்டும் திரும்புகிறது, கட்டையோடு ஓடும் கூறு அப்படியே இருக்கிறது. பூச்சியம் என்று எழுதுபவன் வெட்கப்படத் தேவையில்லை. 1644இல் பிரெஞ்சு அறிஞர் டெக்கார்ட் செய்த பிழையும் அதுதான், பருமனையும் கதியையும் பெருக்கித் திசையை விட்டுவிட்டார். அவருடைய மோதல் விதிகள் பெரும்பாலும் பிழையாகிப் போயின. 1668இல் இலண்டன் றோயல் சங்கம் என்ற விஞ்ஞானச் சங்கம் கேட்டு வொலிஸ், ரென், ஹைகன்ஸ் என்ற அறிஞர்கள் மூவரும் மோதலை எழுதிக் கொடுத்தபோதுதான் மறை (−) குறிக்கு மதிப்பு வந்தது.

அளந்து பார்க்க

கைபேசியில் செக்கனுக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷன் இருந்தால் ஓட்டின் 0.6 செக்கன் 144 படங்களில் விரியும், எண்ணலாம். ஆணியின் 1.3 மில்லிசெக்கனோ ஒரே படத்துக்குள் ஒளிந்துவிடும், ஒரு படத்தின் நேரம் 4.2 மில்லிசெக்கன். அதற்கு அடிமட்டம்தான் மணிக்கூடு. நல்ல வெயிலில், சுத்தியல் வரும் தளத்திலேயே அடிமட்டத்தை நிறுத்திவைத்துப் படம் எடுங்கள். தூரப் பின்னால் வைத்தால் அளவு பிழைக்கும். அடிக்கு முந்திய இரண்டு படங்களுக்கு இடையில் சுத்தியல் இரண்டரைச் சென்ரிமீற்றர் நகர்ந்திருந்தால் கதி 6. பிறகு ஆணியின் தலை எத்தனை மில்லிமீற்றர் இறங்கியது என்று அளந்து, கதியின் பாதியால் வகுத்தால் கணம் வந்துவிடும். வேப்பம் பலகையிலோ தென்னஞ் சட்டத்திலோ செய்து பாருங்கள். பாலையில் வேண்டாம், ஆணி வளைந்துவிட்டால் அளக்க ஒன்றும் மிஞ்சாது.